வியன்னாவில் இன்னும் ஒரு வாரம்

தனியாகப் பயணம் போகும் பெண்ணுக்கு ஹோட்டலில் எந்த மாடி அறை நல்லது என்று கேட்டால் பலரும் மேல்மாடி என்பார்கள். அங்கிருந்து ஊர் அழகாகத் தெரியும் என்ற நினைப்பில் சொல்வது. உண்மையில் மூன்றாவது மாடியோ நான்காவது மாடியோதான் சரி. தரைத்தளத்தில் தெருவில் நிற்பவர் கைக்கு ஜன்னல் எட்டும். மேல்மாடியில் அவசரமென்றால் இறங்கி வர நேரமாகும். அறை லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் எதிரில் இருக்கக் கூடாது. எதிரில் இருந்தால் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாம் யார் எந்தக் கதவைத் திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். நல்ல ஹோட்டலுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. வரவேற்பு மேசையில் இருப்பவர் அறை எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சின்ன அட்டையில் எழுதி, சாவியோடு சேர்த்து நீட்டுவார். பக்கத்தில் நிற்கும் அந்நியர் காதில் அந்த எண் விழக் கூடாது, அவ்வளவுதான்.

என் மனைவி வான்மதிக்கு வியன்னாவில் நான் பிடித்துக்கொடுத்த ஹோட்டல் அப்படிப்பட்டது. நான் அந்த ஊருக்குப் போனதில்லை. அமெரிக்காவில், டாலஸ் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ரிச்சர்ட்சனின் பொது நூலகத்தில் இருந்த வழிகாட்டிப் புத்தகங்களை எடுத்துவந்து படித்தேன். பழைய கோட்டைச் சுவரை இடித்துவிட்டு அந்த இடத்தில் வட்டமாக ஒரு சாலை போட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றி டிராம் ஓடுகிறது. வழி தவறிவிட்டால்கூட அந்த டிராமில் ஏறி உட்கார்ந்தால் போதும், புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். தனியாக வரும் பெண்ணுக்கு இதைவிட ஏற்ற ஊர் கிடையாது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் இங்கே டெலிகாம் கம்பெனி ஒன்றில் மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் உடுமலை. வான்மதி பொள்ளாச்சிக்காரி. எங்கள் மகள் வெண்பா இங்கேயே பிறந்தவள், ஐந்து வயது ஆகப்போகிறது. டாலஸ் சுற்றுவட்டாரத்துத் தமிழர்களுக்கு என்னை வேறொரு காரணத்துக்காகத் தெரியும். விசா விஷயத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் மணியனைக் கேள் என்பார்கள். வக்கீல்கள் புரியாமல் பேசுவதை நான் புரியும்படி சொல்வேன். ஒரு விதி எதற்காக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது எங்கே இறுகும், எங்கே நெகிழும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

வீட்டிலும் நான் அப்படித்தான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டுகளை எந்தப் பக்கம் சாய்த்து வைத்தால் தண்ணீர் முழுக்கப் படும் என்று வான்மதிக்குச் சொல்லிக்கொடுத்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணம் சொன்னேன். வேகமாகப் போகும் ஃப்ரீவே சாலையில் மட்டும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், பாதுகாப்புக்காக. எண்ணெய் எப்போது மாற்றுவது என்று பார்க்க வேண்டியிருந்ததால் கார் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று சாயங்காலம் வந்ததும் பார்த்துவிடுவேன். மைல் கூடியிருந்தால் எங்கே போனாள் என்று கேட்பேன். கேட்டால் பதில் சொல்வாள். முதல் இரண்டு வருடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வியன்னா ஆசை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளின் பயணப் பக்கத்தில், தனியாக வரும் பெண்களுக்கென்றே அந்த ஊர் ஹோட்டல் ஒன்று செய்திருந்த ஏற்பாடுகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. கூடவே ஒரு படம்: உயரமான ஜன்னல், வெள்ளைத் திரை, அதன் முன்னால் ஒற்றை நாற்காலி. அந்தப் படத்தை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தாள்.

"இதுல என்ன இருக்கு, ஒரு சேர்தானே" என்றேன்.

"ஒரே ஒரு சேர் மாமா. அதுதான் விஷயமே. ஒரு வாரம் யாருக்கும் சமைக்காம, யாருக்கும் பதில் சொல்லாம உக்காந்துட்டு வரணும்."

அப்பா வீடு, கல்லூரி விடுதி, அங்கிருந்து என் வீடு. அவள் தனியாக ஒரு இரவுகூட எங்கும் தங்கியதில்லை. ஆசை நியாயமானதுதான் என்று நினைத்துக்கொண்டேன். யாருக்கும் பதில் சொல்லாமல் என்ற பகுதி மட்டும் மனதில் சிறு கல்லாக உறுத்தியது. படத்தின் ஓரம் சுருண்டபோது நான்தான் நல்ல காந்தம் வைத்து நிமிர்த்தினேன்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வான்மதி சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி, இங்கே இருக்கும் யுனிவர்சிட்டியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஜனவரியில் வகுப்பு தொடங்குகிறது என்றாள். விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. பிறகு சொன்னாள்:

"அப்பறம் நானும் பாப்பாவும் கேம்பஸ் பக்கத்துல தனியா அப்பார்ட்மென்ட் பாத்துக்கலாம்னு இருக்கேனுங்க."

"இங்க என்ன குறை?"

"குறைன்னு ஒண்ணு சொன்னா, அது ஏன் குறையில்லைன்னு எக்ஸ்ப்ளெயின் பண்ணுவீங்க. கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு மாமா."

அவள் அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆபீஸில் இருந்தால் வீட்டுக்குப் போகத் தோன்றும், வீட்டுக்கு வந்தால் கார் நிறுத்தும் கராஜைச் சுத்தம் செய்யத் தோன்றும். ஒரே மாதத்தில் கராஜை நாலு முறை ஒழுங்குபடுத்தினேன். இடையிடையே நூலகத்தில் குடும்பச் சட்டம் படித்தேன். இந்த மாநிலத்து நீதிமன்றங்கள் குழந்தையின் அன்றாட வாழ்க்கையைக் கலைக்கத் தயங்கும் என்று எனக்குப் புரிந்தது. யார் பள்ளிக்குக் கொண்டுவிடுகிறார்கள், யார் சோறு ஊட்டுகிறார்கள் என்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் இதையெல்லாம் செய்தது வான்மதி. அப்படியானால் வெண்பா அவளோடு போய்விடுவாள். வாரக் கடைசியில் குழந்தையைப் பார்த்துவரும் ஆளாக நான் ஆகிவிடுவேன். அந்தச் சித்திரத்தை என்னால் தாங்க முடியவில்லை. நான் சொல்லிக்கொடுக்க ஒரு வீடு வேண்டும்.

செப்டம்பரில் பக்கத்து ஊரான இர்விங்கில், எங்களுக்குப் பழக்கமான நாகமணி அக்கா வீட்டு விருந்து. அங்கே சாய்ராம் என்று புதிதாக வந்த பையன் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும், இங்கே தங்குவதற்கு எக்ஸ்டென்ஷன் வந்துவிட்டது, போய்விட்டு வரலாமா என்று கேட்டான். இது எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்யும் தவறு. எக்ஸ்டென்ஷன் பேப்பர் வீட்டுக்கு வந்ததும் கேசரி கிண்டிக் கொண்டாடிவிட்டு, இனி எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

"நல்லாக் கேட்டுக்கோ" என்றேன். "சினிமா தியேட்டர்ல இன்டர்வெல்லுக்கு வெளிய போற. உள்ள உன் சீட் உனக்குத்தான், எவனும் உக்கார மாட்டான். அதான் எக்ஸ்டென்ஷன். ஆனா திரும்ப வரப்ப கேட்ல நிக்கறவன் டோக்கன் கேப்பான். அதான் பாஸ்போர்ட்ல இருக்கற விசா ஸ்டாம்ப். அதுல டேட் முடிஞ்சிருந்தா சீட் இருந்தும் உள்ள விட மாட்டான்."

"அப்ப சென்னைல புது ஸ்டாம்ப் குத்திட்டுதான் வரணுமாண்ணா?"

"ஆமா. கம்பெனி லெட்டர், எக்ஸ்டென்ஷன் அப்ரூவல் ஒரிஜினல், சம்பள ஸ்லிப், எல்லாம் கொண்டு போகணும்."

"கல்யாணம் ஆனவங்க, வைஃப் மட்டும் தனியா போனா?"

"அவங்களுக்கும் புருஷன் பேப்பர்தான். அவன் குடுக்கலைன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

இந்த வாக்கியத்தை அதற்கு முன் பலமுறை பலரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வான்மதி வடைத் தட்டோடு வந்தாள்.

"இங்கயும் கிளாஸ் ஆரம்பிச்சாச்சா? தம்பி, அவரு முடிக்கறதுக்குள்ள வடை ஆறிப்போயிரும். மொதல்ல சாப்பிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றினேன்.

எங்கள் பாஸ்போர்ட்டுகளில் இருந்த ஸ்டாம்ப் அக்டோபர் நடுவில் முடிவதாக இருந்தது. எக்ஸ்டென்ஷன் பேப்பர் ஏற்கெனவே வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் கேசரி செய்தாயிற்று.

அடுத்த நாள் நான் அவளிடம் சொன்னேன். தனியாகப் போவதைப் பற்றி ஜனவரியில் முடிவு செய்துகொள்ளலாம், அதற்கு முன் நீ ஆசைப்பட்ட அந்த ஊருக்கு ஒரு வாரம் போய்விட்டு வா, வெண்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா மாமா? தனியாவா?"

"தனியாத்தான். அதே ஹோட்டல்."

அந்தச் சில வாரங்கள் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே மிக நல்ல வாரங்கள் என்று சொல்வேன். நான் ஏற்பாட்டில் முழு மனதோடு இறங்கினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். பெரிய ஹோட்டல்களில் கான்சியர்ஜ் என்று ஒருவர் இருப்பார். கோட்டுக் காலரில் தங்க நிறத்தில் இரண்டு சாவிச் சின்னம் குத்தியிருப்பார். சாவிக்கும் அவருக்கும் இப்போது சம்பந்தமில்லை. ஊரில் எந்தக் கதவையும் உங்களுக்காகத் திறக்கச் செய்வார் என்று பொருள். ஆபீஸ் போகும் முன் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவேன். இசை நாடக அரங்கில் பெட்டிபோல் தனியாகத் தடுத்த முன்வரிசை இருக்கை. தனியாகச் சாப்பிடும் பெண்ணுக்குச் சுவரோரம் மேசை, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம், முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. வான்மதி மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள், அந்த ஊரிலோ சூப்பில்கூட அது இருக்கும். அதனால் ஜெர்மன் மொழியில் ஒரு சின்ன அட்டை அடித்து அறையில் வைக்கச் சொன்னேன், போகும் இடத்தில் எல்லாம் நீட்டினால் போதும். உங்கள் மனைவி பாக்கியசாலி என்றார் அவர்.

திரும்பும் டிக்கெட்டை ஸ்டாம்ப் முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போட்டேன். அது முறையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆஸ்திரியத் தூதரகத்தில் விசா கொடுக்க மாட்டார்கள். அவர்கள் விசாவை மட்டும் கொஞ்சம் கூடுதல் நாளுக்குக் கேட்டு வாங்கினேன். விமானம் தாமதமானால் என்ன செய்வது என்று காரணம் சொன்னேன். வான்மதி தலையாட்டினாள். பேப்பர் விஷயத்தில் அவள் என்னைக் கேள்வி கேட்டதே இல்லை.

அவள் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. எனக்கு அமைதி இல்லை. ஒரு நாற்காலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் அழைத்தாள். அவள் குரலே வேறாக இருந்தது.

"மாமா, இங்க ஒரு காபிக் கடையில மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஒருத்தரும் எந்திரின்னு சொல்லல. நியூஸ் பேப்பர மரச் சட்டத்துல மாட்டிக் கொண்டுவந்து குடுக்கறாங்க. ஒரு எழுத்துப் புரியல, ஆனாலும் முழுசாப் பொரட்டினேன்."

"காபியோட தண்ணி குடுத்தாங்களா? சின்ன டம்ளர்ல? அது ஏன்னா..."

"மாமா," என்றாள். "நானே கண்டுபிடிச்சிக்கறேன்."

அதில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நான் ரிசீவரை வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். அதுவரை எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது உண்மை. அந்த அழைப்புக்குப் பிறகு அது இல்லை.

அவள் புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் நான் ஹோட்டலுக்குப் பேசினேன். இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கச் சொன்னேன். விமான டிக்கெட்டையும் மாற்றினேன். வெந்நீர்க் குளியலும் உடம்பு பிடித்துவிடுவதும் சேர்க்கச் சொன்னேன். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். நீட்டிப்புக்கான கையெழுத்தை விருந்தினரிடமே வாங்கிவிடுங்கள், கணக்குக்கு அதுதான் முறை என்றேன். பிறகு வான்மதியிடம் சொன்னேன்.

"அய்யோ, பாப்பா தேடுமேங்க."

"பாப்பா நல்லா இருக்கா. இவ்ளோ தூரம் போயிட்டு அவசரமா ஓடிவரணுமா?"

பாப்பா முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவின் நைட்டியைச் சுருட்டி வைத்துக்கொண்டு தூங்கினாள். இதைச் சொல்லி அவள் விடுமுறையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

பிறகு, "நீங்க இப்படியும் இருப்பீங்கன்னு நான் நெனைக்கலைங்க மாமா. வந்து பேசலாம். எல்லாத்தையும் மறுபடி பேசலாம்" என்றாள்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் பேசலாம் என்று ஹோட்டல் அறையில் இருந்து சொல்வது வேறு, ஜனவரியில் பெட்டியைக் கட்டும்போது நடப்பது வேறு. அவள் நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரத்தில் ஸ்டாம்ப் முடிந்தது.

வியன்னா விமான நிலையத்திலிருந்து அழைத்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மாமா, ஏத்த மாட்டேங்கறாங்க. விசா முடிஞ்சிருச்சாம். எக்ஸ்டென்ஷன் காப்பி காட்டினேன், இது செல்லாதுங்கறாங்க. நீங்க இந்தப் பொண்ணுகிட்டப் பேசுங்க. எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்க மாமா, உங்களுக்குத்தான் நல்லா வருமே."

அந்த விமானக் கம்பெனிப் பெண்ணிடம் நான் பேசினேன். அவள் விதியைச் சொன்னாள். தெளிவாகவே சொன்னாள், ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. நான் வான்மதியிடம், இப்போதைக்கு ஊருக்குப் போய் சென்னையில் ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு வந்துவிடு, பத்து நாள் வேலை என்றேன். அன்று மாலை சென்னை விமானத்தில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. நான் முந்தின வாரமே பதிவு செய்து வைத்திருந்தேன். தவித்துப்போய் விமான நிலைய பெஞ்சில் படுத்துக்கிடக்க வேண்டாமே என்றுதான்.

பொள்ளாச்சியில் அவள் அண்ணன் சேனாபதி வீட்டில் இருந்தாள். நான் பேப்பர்களை அனுப்பினேன். அனுப்பவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் முறை கம்பெனி லெட்டரில் தேதி பழையதாக இருந்துவிட்டது. இரண்டாம் முறை அப்ரூவல் ஒரிஜினலுக்குப் பதில் நகல் போய்விட்டது. மூன்றாம் முறை அனுப்பிய கூரியர் வேறு பின்கோடுக்குப் போய்த் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், வரிசையில் நின்று, திரும்பிப் பொள்ளாச்சிக்கு வந்தாள். தினமும் வெண்பாவோடு பேசுவாள். குழந்தை முதலில் அழுதாள். அப்புறம் பேச வர மாட்டேன் என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் குழந்தைகள் பழகிக்கொள்ளும் விதம் ஆச்சரியமானது.

சேனாபதி மச்சான் ஒருநாள் கூப்பிட்டார்.

"மாப்ள, என்னங்க நடக்குது அங்க? ஒரு தாள ஒழுங்கா அனுப்பத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

"கூரியர் பிரச்சனை மச்சான். நான் என்ன பண்றது?"

"எங்க தேங்காய் லோடு லடாக் வரைக்கும் போகுதுங். உங்க கவரு பொள்ளாச்சி வரமாட்டேங்குது."

நாகமணி அக்கா நேரிலேயே வந்தார். வெண்பாவுக்கு இட்லி கொண்டுவந்தவர், அவள் தூங்கியதும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, ஊருக்கெல்லாம் ஸ்டாம்பு எக்ஸ்டென்ஷன்னு பாடம் எடுக்கறீங்க. உங்க பொண்டாட்டி போறப்ப மட்டும் எப்படி மறந்துச்சு?"

"வேலை டென்ஷன்ல கவனிக்கலக்கா."

"ஹோட்டல்ல எந்த மாடி, எந்தப் பக்கம் ஜன்னல்னு கவனிச்சீங்களே."

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சாய்ராமும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

டிசம்பரில் இங்கே நீதிமன்றத்தில் மனு போட்டேன். வெண்பா என்னோடுதான் இருக்க வேண்டும் என்று. இப்போது ஹோட்டல் ஏன் அவ்வளவு உயர்ந்ததாக இருக்க வேண்டியிருந்தது என்று உங்களுக்கு விளங்கும். சாதாரண விடுதியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. சிறு குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் தனியாக ஐரோப்பாவுக்குப் போகிறாள். இசை நாடகம் பார்க்கிறாள், உடம்பு பிடித்துவிடச் சொல்கிறாள், ஒரு வாரம் போதாமல் தன் கையெழுத்தைப் போட்டு இன்னொரு வாரம் தங்குகிறாள். பிறகு திரும்பி வரவே இல்லை. நான் எதையும் சேர்க்கவோ கூட்டவோ வேண்டியிருக்கவில்லை. என் வக்கீல் ஹோட்டல் பில்லைப் பார்த்துவிட்டு, இது போதும் என்றார். மனுவின் நகல் பொள்ளாச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கூரியர் சரியாகப் போனது.

நான் ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. யுனிவர்சிட்டி இடம் அவளுடையது. மாணவர் விசாவுக்கு வேண்டிய சேர்க்கைப் பேப்பர் அவள் பேரில், அவள் கேட்டதும், நேராகப் பொள்ளாச்சிக்குப் போனது. மாணவர் விசாவுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டாம். மச்சான் ஃபீஸ் கட்டியிருக்கிறார். இதை நான் மற்றவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். வான்மதி விஷயத்தில் தோன்றவே இல்லை. அவள் தன் பேரில் ஒன்றை வாங்குவாள் என்று நினைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

ஜனவரி முதல் வாரம் அழைத்தாள்.

"எனக்கு விசா வந்துருச்சுங்க. ஸ்டூடன்ட் விசா."

நான் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் வர்றேன். உங்க மேல கோபமெல்லாம் கோர்ட்டுல வச்சுக்கறேன். இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஏர்போர்ட்டுக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வருவீங்களா? கதவத் தொறந்ததும் அவ மொகத்தப் பாக்கணும்."

வருகிறேன் என்றேன். விமானத்தின் பெயரும் எண்ணும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இனி நான் செய்த காரியம். இதுவும் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எளிமையானதுதான். மாணவர் விசாவில் வருகிறவர் படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வர வேண்டும். இங்கேயே தங்கிவிடும் நோக்கம் இருக்கிறது என்று விமான நிலையத்துக் குடியேற்ற அதிகாரிக்குத் தோன்றினால், விசா இருந்தாலும் உள்ளே விட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வரிசையிலிருந்து பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் விசாரிப்பார்கள். திருப்பி அனுப்பினால் அதன்பின் சில வருடங்கள் வருவது கஷ்டம். இப்படிப்பட்டவர்களைப் பற்றித் தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண் உண்டு. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். பேர் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலையில் நான் கூப்பிட்டேன். விமான எண்ணைச் சொன்னேன், அவள் பேரைச் சொன்னேன். புருஷனும் குழந்தையும் இங்கே இருக்கிறார்கள், படிப்பு வெறும் சாக்கு, குழந்தையோடு இருக்கத்தான் வருகிறாள், திரும்பிப் போகும் எண்ணம் கிடையாது என்றேன். பொய் எதுவும் சொல்லவில்லை. மறுமுனையில் இருந்தவர் பொறுமையாக எழுதிக்கொண்டார், நன்றி சொன்னார். பிறகு நான் காரைக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை வெண்பா மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டாள். நானே தலை பின்னிவிட்டேன், இப்போது எனக்கு நன்றாக வருகிறது. விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் கண்ணாடிக் கதவுக்கு எதிரில், கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னால் நிற்க முடியவில்லை. தடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் அவள் குதிகாலை உயர்த்தினாள். தள்ளுவண்டிகளில் பெட்டியும் ஊறுகாய் மணமுமாக யார் யாருடைய அப்பா அம்மாவோ வந்தார்கள்.

"இஸ் ஷி கெட்டிங் ஹெர் பேக்ஸ், அப்பா?"

"ஆமாண்டா. பெட்டியெல்லாம் ஒரு பெல்ட் மேல சுத்திச் சுத்தி வரும். நம்ம பெட்டி வர்ற வரைக்கும் நிக்கணும். சில சமயம் லேட் ஆகும்."

அந்த பெல்ட் எப்படிச் சுற்றுகிறது, கீழே மோட்டார் எங்கே இருக்கிறது, வளைவில் தகடுகள் ஏன் மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன என்று அவளுக்குப் புரியும்படி விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். கூட்டம் குறைந்தது. பலகையில் அந்த விமானத்தின் பெயர் போய் அடுத்த ஊர் விமானத்தின் பெயர் வந்தது. கதவு திறப்பது நின்றது. வெண்பா கம்பியை விடவில்லை. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

அவளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து அவ்வளவு ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.